அறுபது லட்சம் வந்த வெள்ளிக்கிழமை

ஏலவார்குழலி குஞ்சம் கட்டிய முந்தானையைக் காஞ்சிபுரத்தில் எந்தக் கடைக்காரரும் விரித்துச் சரிபார்ப்பதில்லை. தறியிலிருந்து வந்த புடவையின் ஓரத்தில் தொங்கும் நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிந்து வரிசையாகக் குஞ்சமாக்குவது அவள் வேலை. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. தன் கல்யாணப் புடவையின் குஞ்சத்தையே அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டிப் பழகியவள். ஒரு முடிச்சு அரை விரற்கடை கீழே இறங்கிவிட்டால், அதற்கப்புறம் கட்டிய இருபது முடிச்சையும் பிரித்துவிட்டுத்தான் மேலே போவாள். முகூர்த்த மாதங்களில் கடைக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். "கல்யாணப் பொண்ணு கட்டிக்கினு நிக்கச் சொல்ல ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் பேசமாட்டார்கள்.

ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் அவள் வீட்டு வாசலில் 'செ. மாணிக்கவேல்' என்று கருங்கல்லில் வெட்டிப் பதித்த பெயர்ப்பலகை இருக்கிறது. பெயருக்குரிய அவள் கணவர் வருஷத்தில் இருபது நாள் அந்த வீட்டில் இருப்பார். மீதி நாளெல்லாம் புனே பக்கத்தில் சாக்கன் என்ற ஊரில், கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு ஃபோர்மேன். அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் வேலை. அந்தக் காலத்தில் கம்பெனி பஸ் இரவு ஷிப்டு முடித்து அவரைக் காலை ஏழேகாலுக்கு காஞ்சிபுரம் மூங்கில் மண்டபம் நிறுத்தத்தில் இறக்கிவிடும். ஒருநாள் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில், கையில் பி.எப். பணமும் இழப்பீடுமாகப் பன்னிரண்டு லட்சத்தோடு வந்து நின்றார்.

அந்தப் பணத்தை அவர் அவள் கையில் கொடுத்த நாள் அவளுக்கு மறக்கவில்லை. "இது நம்ப வயசான காலத்துக்கு. நீயே பாத்துக்கோ. என் கையில இருந்தா யாராவது கேட்டா குடுத்துடுவேன்" என்றார். பதினைந்து நாளில் சாக்கனுக்கு ரயிலேறினார்.

அவள் ஏன் கூடப் போகவில்லை என்று கேட்டால் அப்போது காரணங்கள் இருந்தன. மாமியார் படுத்த படுக்கை. மகள் துர்கா பிளஸ் டூ. அங்கே அவர் இருந்ததோ ஒரு அறைக்கு ஆறு பேர். மாமியார் ஐந்தாவது வருஷம் போய்ச் சேர்ந்தார். துர்கா படித்து முடித்து, கல்யாணமாகி, தாம்பரத்தில் குடியேறினாள். வீட்டுக்கடன் அடைந்தது. காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோன பிறகு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அறுபது லட்சம்.

அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கோதண்டபாணி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். காந்தி ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் சின்ன அலுவலகம் வைத்து மியூச்சுவல் ஃபண்டு விற்றுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு லட்சத்தையும் பங்குச்சந்தை ஃபண்டில் போட வைத்து, மாணிக்கவேல் அனுப்பும் சம்பளத்தில் மாதம் பன்னிரண்டாயிரத்தையும் அதிலேயே சேர்க்க வைத்தார். "அறுபது லட்சம் ஆவட்டும்மா. பாதிய பத்திரமான எடத்துக்கு மாத்திட்டு, மாசம் முப்பதாயிரம் எடுத்துக்கினே இருக்கலாம். உன் வூட்டுக்காரரு நிம்மதியா வந்து ஒக்காரலாம்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றிரவே அவள் அதைப் போனில் மாணிக்கவேலுக்குப் படித்துக் காட்டினாள். அந்தக் காகிதம் கிழிந்துபோய் எத்தனையோ நாளாயிற்று. அறுபது மட்டும் அவள் மனதில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு செய்தித்தாளின் வணிகப் பக்கத்தை எழுத்துக்கூட்டுவதுபோல் படித்துப் படித்துத் தானே தெரிந்துகொண்டாள். ஒரு யூனிட் என்ன விலை, தன்னிடம் எத்தனை யூனிட் என்பது மனப்பாடம். துர்கா கல்யாணத்துக்கு எட்டு லட்சம் எடுத்தபோது, "போச்சு, இன்னும் ரெண்டு வருஷம்" என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மகள் கல்யாணத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு நினைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக் காந்தாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "இன்னாம்மா குழலி, உன் ஊட்டுக்காரரு போன்லயே குடித்தனம் நடத்துறாரு. போன்லயே கெழவனாயிடுவாரு போலக்குதே?"

"ஆவட்டும். கண்ணாடி போட்டுக்கினு பாத்துக்கறேன்."

"எங்க வூட்டு ஆள ஒரு மாசத்துக்கு அங்க அனுப்பி வைக்கட்டா? எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

காந்தா சிரிப்பாள். குழலியும் சிரிப்பாள். காந்தாவின் கணவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏய், தண்ணி எடு" என்று கத்துவது தினமும் மாலையில் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் காந்தாவுக்கு எரிச்சல் வரும். குழலிக்கு வருவது எரிச்சல் இல்லை.

மாணிக்கவேல் லீவில் வந்தால் சும்மா உட்காரமாட்டார். கையில் எண்ணெய்ப் புட்டியோடு ஒவ்வொரு கதவாகப் போவார். கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, கேட்டு எல்லாவற்றுக்கும் சொட்டுச் சொட்டாக விடுவார். அவர் ரயிலேறிய பிறகு வீட்டில் எந்தக் கதவும் சத்தம் போடாது. இரண்டு மாதம் கழித்து முதலில் கொல்லைக் கதவு முனகும். பிறகு கேட்டு. பூஜை அலமாரி கடைசியில். எண்ணெய்ப் புட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கோதண்டபாணி போன் செய்தார்.

"குழலிம்மா, ஒக்காந்துக்கினு கேளு. அறுபது தாண்டிச்சு. அறுபது லட்சத்து இருவதாயிரம்."

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். மடியில் மாம்பழக் கலர் புடவை. நூலிலிருந்து விரலை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நெஜமாவா சார்?"

"பாதிய இப்பவே ஆடாத பண்டுக்கு மாத்திடலாம். மூணு மணிக்குள்ள போட்டாத்தான் இன்னைய வெல. உன் போனுக்கு ஆறு நம்பர் வரும், அத மட்டும் சொல்லு. மீதி நான் பாத்துக்கறேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சே சார்."

"அதனால?"

"வெள்ளிக்கெழமை பணத்த வெளிய விடமாட்டோம் சார் எங்க வூட்டுல. எங்க மாமியார் இருந்தப்ப பால்காரனுக்கே சனிக்கெழமை வாடான்னுடுவாங்க."

"பணம் எங்கம்மா வெளிய போவுது? இந்த ஜோப்புலேருந்து அந்த ஜோப்புக்குப் போவுது."

"எடுக்கறதுன்னா எடுக்கறதுதானே சார். அதுவுமில்லாம மாளயபட்சம் வேற. பதினோரு வருஷமா காத்துக்கினு இருந்து ஒரு நல்ல காரியம் பண்ணப்போறோம். அமாவாச கழியட்டும். நவராத்திரி மொத நாளு நானே வந்து பண்ணிக்கறேன்."

"மாளயபட்சத்துல பொண்ணு பாக்கக் கூடாது, புதுவூடு போவக்கூடாது. பண்டு மாத்தக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்துலம்மா போட்டுக்குது?"

அவர் ஏற்கெனவே கணினியில் விண்ணப்பத்தைப் போட்டிருக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் ஆறு எண்கள் வந்து விழுந்தன. அதைப் பார்த்தாள். பத்து நிமிஷம் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்தது. பத்து நிமிஷமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்லாமல் போனதும் ஏதோ தப்பித்த மாதிரி மூச்சு விட்டாள்.

மாணிக்கவேலிடம் அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கெட்டியாகாத சேதியை அவரிடம் சொல்லி ஆசை காட்டக் கூடாது என்று நினைத்தாள். பாதியைப் பத்திரமான இடத்தில் போட்டுவிட்டு, நவராத்திரி முதல் நாள், காமாட்சியம்மன் கோயிலிலிருந்தே போன் செய்து சொல்ல வேண்டும். 'கிளம்பி வந்துடுங்க' என்ற இரண்டு சொல்லை எப்படிச் சொல்வது என்று அந்த ஆறு நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சிரித்தபடி சொல்வதா, கோபமாகச் சொல்வதா, அழுகை வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு முடிவாகவில்லை.

நவராத்திரி முதல் நாள் வியாழக்கிழமை. அம்மனைச் சேவித்துவிட்டு, குங்குமப் பொட்டலம் கையில் இருக்க, காந்தி ரோட்டு மாடிப்படி ஏறினாள். கோதண்டபாணி கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பு.

"காலையிலேருந்து விழுந்துக்கினே இருக்குதும்மா. எங்கியோ ரெண்டு நாடு சண்ட போடுது, நம்ம பண்டு எறங்குது. அம்பத்தெட்டுல நிக்குது. பரவால்ல, இப்பவாவது பாதிய மாத்திடு."

"அறுபது ஆச்சுன்னு சொன்னீங்களே."

"ஆச்சும்மா. வெள்ளிக்கெழமை ஆச்சு."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "திரும்ப அறுபது வரட்டும் சார். அன்னிக்கு எந்தக் கெழமையா இருந்தாலும் நம்பர் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கோயிலில் வாங்கிய குங்குமத்தை அவரிடம் கொடுக்க மறந்து, செவிலிமேடு வந்த பிறகுதான் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

திரும்ப அறுபது வரவில்லை. தீபாவளிக்கு ஐம்பத்தாறு. கார்த்திகையில் இரண்டு வாரம் ஏறுகிற மாதிரி ஏறி, அவள் ஆசையைக் கிளப்பிவிட்டு, மார்கழியில் மறுபடி சரிந்தது. தை, மாசி என்று ஐம்பதில் வந்து நின்றது. பத்து லட்சம் போய்விட்டது என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பத்து லட்சம் என்பது அவளுடைய கணக்கில் மூன்று வருஷம். அவர் காலையில் பல் துலக்கிக்கொண்டே கேட்டருகில் நிற்கும் மூன்று வருஷம். சாம்பாரில் உப்பு கம்மி என்று முகத்தைச் சுளிக்கும் மூன்று வருஷம்.

பொங்கலுக்கு நான்கு நாள் வந்தார். தலைமுடி இன்னும் வெளுத்திருந்தது; இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். எல்லாக் கதவுகளுக்கும் எண்ணெய் விட்டார். சாப்பிடும்போது ஒருமுறை, "பண்டு எப்படி இருக்குது?" என்றார்.

"ஆடிக்கினு இருக்குது."

"ம்" என்றார். ஏதோ கேட்க வந்து விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அவளும் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். காணும் பொங்கலன்று அவர் லுங்கியை நான்காக மடித்துப் பைக்குள் வைப்பதைச் சமையலறையிலிருந்து பார்த்தபோது, அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. முறுக்கு டப்பாவைக் கொண்டுபோய்ப் பை மேல் வைத்தாள்.

மாசி பிறந்த பிறகு அவர் போன் செய்தார். பங்குனியில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கூடவே இன்னொரு காகிதமும் நீட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம், அதே சம்பளம். மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டுடட்டா?" என்றார்.

அவள் நூல்கண்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ரெண்டு வருஷம்தானே. பண்டும் ஏறிடும். இன்னா சொல்ற?"

"வியாழக்கெழமை உங்களுக்கு லீவுதானே. அன்னிக்குச் சொல்றேன்" என்றாள். சாக்கனில் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை.

மறுநாள் காலையிலேயே காந்தி ரோட்டுக்குப் போனாள். கோதண்டபாணி அவளைப் பார்த்ததும், "அம்பது லட்சத்து முப்பதாயிரம்மா" என்று தானாகவே ஆரம்பித்தார். "இந்த நெலமையில மாசம் முப்பதாயிரம் எடுக்க ஆரம்பிச்சியானா, கொறைஞ்ச வெலைக்கு நெறைய யூனிட்ட வித்துக்கினே இருக்கணும். அப்புறம் சந்தை ஏறினாலும் ஏறதுக்கு உன்கிட்ட யூனிட்டு இருக்காது."

"எடுக்க வரல சார். இத ரெண்டு வருஷம் தொடவே தொடாம இருந்தா நாங்க ரெண்டு பேரு சாப்பிட முடியுமா? அதச் சொல்லுங்க."

கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு வருஷமா என்கிட்ட வர. எப்ப அறுபது ஆவும்னுதான் கேட்ட. இத ஒரு நாளும் கேக்கல."

"நீங்களும் சொல்லல."

"சொல்லல. தப்புதான்" என்றார் அவர், ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு.

சாக்கன் கம்பெனியின் பி.எப். பணமும் பணிக்கொடையும் பதினோரு லட்சம் வரும். அதை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போடலாம். ஓய்வுபெற்று வந்தவர் என்றால் அறுபது ஆக வேண்டியதில்லை, ஐம்பத்தைந்து தாண்டியிருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் வட்டி. பி.எப். ஓய்வூதியம் மாதம் நாலாயிரத்து முந்நூறு. அவள் குஞ்சம் கட்டிச் சம்பாதிப்பது சராசரி ஒன்பதாயிரம். வாடகை இல்லை, கடன் இல்லை. மாதம் இருபதாயிரத்துக்கு மேல் வந்தது.

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு ரூபாய் பிசகியிருக்கிறதா என்று தன் போனில் கூட்டிப் பார்த்தாள். பிசகவில்லை.

"தாராளமா இருக்காது. ஒடம்புக்கு ஏதாவது வந்தா அப்ப மட்டும் இதுல கொஞ்சம் எடுக்கணும்" என்றார் கோதண்டபாணி.

"போன வருஷமே இப்படிப் போட்டிருந்தா?"

"போன வருஷமும் ஏறக்கொறைய இதேதாம்மா வந்திருக்கும்."

படியிறங்கும்போது பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். கீழே துணிக்கடையில் யாரோ, ஆந்திராப் பக்கம் போலிருக்கிறது, தெலுங்கில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அறுபது தேவையே இல்லை. வெள்ளிக்கிழமை போனது பெரிதில்லை. அதற்கு முன்னால் போன நாட்களுக்கு என்ன கணக்கு?

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஈரக்கையை எதிலோ துடைத்துக்கொள்வது கேட்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க."

"சொல்லு."

"புரட்டாசியில ஒரு வெள்ளிக்கெழம அறுபது வந்துச்சி. மாத்தச் சொன்னாரு. நான்தான் வெள்ளிக்கெழமன்னு விட்டுட்டேன். உங்ககிட்டயும் சொல்லல. இத்தன மாசமா மறைச்சிட்டேன்."

மறுமுனையில் வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு அவர் சொன்னார்: "தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஆடி லீவுக்கு வந்தப்ப துர்கா என் போன்ல பண்டு கணக்கு பாக்கற ஆப்பப் போட்டுக் குடுத்துது. தெனம் டீ டைம்ல பாப்பேன். அந்த வெள்ளிக்கெழம காலையிலயே பாத்தேன். அறுபது லட்சத்து இருவதாயிரம்."

குழலி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அன்னிக்கே என் கரண்டு அடுப்பத் தூக்கி, கூட இருக்கற பீகார்காரருகிட்ட குடுத்துட்டேன். ஊருக்குப் போறேன், வச்சுக்கோன்னு. சாயங்காலம் நீ போன் பண்ண. வான்னு சொல்லப்போறன்னு பாத்தேன். குஞ்சம் கட்ற நூலு கண்டுக்கு நாப்பது ரூபா ஏறிப்போச்சுன்ன."

"அய்யோ."

"மறுநாளும் பாத்தேன். நீ சொல்லல. சரி, தனியா இருந்து பழகிடுச்சு போலக்குது, நாம போயி நடுவுல நின்னா தொந்தரவுன்னு நெனச்சுக்கினேன். குடுத்த அடுப்பத் திரும்பக் கேக்க முடியுமா? அஞ்சு மாசமா மெஸ்ஸு சோறுதான்."

"ஏன் கேக்கல நீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"பணம் உன் கையில குடுத்தது நான்தானே குழலி. நீ வான்னு சொன்னாதானே வர முடியும்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். ஆறு நாள் ஒத்திகை பார்த்த எந்தக் குரலும் இப்போது உதவவில்லை. "அறுபதும் வேணாம், ஒண்ணும் வேணாம். அம்பது அது பாட்டுக்குக் கெடக்கட்டும், நாம தொடவே தேவையில்ல. கணக்குப் போட்டுட்டேன், காகிதம் இருக்குது. அந்தக் கையெழுத்தப் போடாதீங்க. வந்துடுங்க."

"இன்னும் போடல" என்றார். பிறகு, "இரு, வைக்காத. டிக்கெட்டு பாக்கறேன்."

அவள் காத்திருந்தாள். அவர் முனகிக்கொண்டே தேடுவது கேட்டது.

"பங்குனிக் கடைசியில எல்லா வண்டியும் ஃபுல்லா இருக்குது. அரக்கோணத்துக்கு வெய்ட்டிங் லிஸ்டு எம்பத்தி மூணு."

"போடுங்க."

"அது கன்பார்ம் ஆவாது குழலி. மிஞ்சி மிஞ்சிப் போனா பாதி சீட்டுதான் குடுப்பான். ராத்திரி பூரா ஒக்காந்துக்கினே வரணும்."

"ஒக்காந்துக்கினு வாங்க" என்றாள் அவள். "பதினோரு வருஷம் நான் மட்டும் இன்னா, காலாட்டிக்கினு படுத்துக்கினா இருந்தேன்?"

அவர் சிரித்தார். பிறகு அவள் வயதைக் கேட்டார், டிக்கெட்டில் போடுவதற்கு என்று. டிக்கெட்டு அவருக்குத்தானே, தன் வயது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஐம்பத்து நாலு என்றாள்.

"உனக்கு அம்பத்து நாலா?" என்றார் மாணிக்கவேல். "நான் ரயிலேறச் சொல்ல நாப்பத்து மூணுதானே."